இடம் கிடைத்துவிட்டது, பணம்?

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. அன்றிரவே அம்மா கேசரி கிண்டிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். லோரி ஓட்டிவிட்டுக் களைத்து வந்த அப்பா, தமக்கு அவ்வளவாகப் புரியாத ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பெயரில் அர்ச்சனை நடந்தது. தாமான் முழுவதும் செய்தி பரவிவிட்டது: "லோரிக்காரர் மகன் லண்டனுக்குப் படிக்கப் போகிறானாம்." நான் போகவிருந்த ஊர் லண்டனே அன்று. ஆனால் அதைத் திருத்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

இடத்தை உறுதிசெய்ய 1,000 பவுன் முன்பணம் கட்ட வேண்டும் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐயாயிரம் வெள்ளி. அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. உபகாரச் சம்பளம் எப்படியும் கிடைத்துவிடும் என்று நான் நம்பினேன். வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்தேன். ஜூன் மாதம் அது இல்லையென்று ஆயிற்று. நான் போகவில்லை. கட்டிய முன்பணம் திரும்ப வராது என்பதும் அதே மூன்றாம் பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருந்தது.

இந்தப் பழைய கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கையர் பலர், "அண்ணா, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். கடிதம் வந்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நம்மில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பட்டமேற்படிப்பு பற்றி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. ஆகவே, நான் காலம் கடந்து கற்றுக்கொண்டவற்றை இந்த ஆண்டிதழ் வழியாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு கடிதம், இரண்டு கேள்விகள்

இளங்கலைப் படிப்புக்கு நாம் விண்ணப்பித்தபோது இடம் கிடைப்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், கட்டணத்துக்குப் பிடிபிடிஎன் கடன் இருந்தது. 1997-இல் தொடங்கப்பட்ட அந்தக் கடனுதவிக் கழகம் நம் தலைமுறையில் எத்தனையோ பேரைப் பட்டதாரிகளாக்கியது. அந்தப் பழக்கத்தில், பட்டமேற்படிப்பிலும் இடம் கிடைத்தால் பணம் பின்னால் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பட்டமேற்படிப்பில் இடமும் பணமும் தனித்தனிக் கேள்விகள். பல நாடுகளில் அவற்றைத் தீர்மானிப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். தீர்மானிக்கும் மாதங்களும் வேறு வேறு. பிரிட்டனின் செவெனிங் உபகாரச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 1983-இல் தொடங்கிய இந்தத் திட்டம் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு உதவுகிறது. விண்ணப்பம் ஆகஸ்டு தொடங்கி அக்டோபர் வரை. மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். இரண்டாண்டு வேலை அனுபவமும் வேண்டும். முடிவு மறு ஆண்டு ஜூன் மாத வாக்கில் தெரியும். ஆனால் பல்கலைக்கழகம் மார்ச்சிலேயே இடம் கொடுத்து, மே மாதத்துக்குள் முன்பணம் கேட்கலாம். இந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்ற குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்கின்றன.

ஆகவே, கடிதம் வந்தவுடன் மூன்று செய்திகளைத் தேடிப் படியுங்கள். முதலாவது, இது நிபந்தனையற்ற இடமா, நிபந்தனைக்குட்பட்ட இடமா? இரண்டாவது, உதவித்தொகை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? இருந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு, கட்டணத்துக்கா, வாழ்க்கைச் செலவுக்குமா? மூன்றாவது, முன்பணம் எவ்வளவு, எப்போது, எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும்? உபகாரச் சம்பள முடிவுக்காகக் காத்திருப்பதாக எழுதி, முன்பணக் கெடுவைத் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். அப்படிக் கேட்டால் தள்ளிவைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அப்படிக் கேட்கலாம் என்பதே 2011-இல் எனக்குத் தெரியாது.

யார் தீர்மானிக்கிறார்கள்?

"என் புள்ளிகள் நன்றாகத்தானே இருந்தன, பிறகு ஏன் கிடைக்கவில்லை?" என்பது மாணவர்களின் பொதுவான மனக்குறை. முடிவு எடுக்கப்படும் முறையை அறிந்துகொண்டால் இந்தக் குறை ஓரளவு தணியும்.

நம் நாட்டில் முதுகலை, முனைவர் படிப்புகள் ஆய்வு முறை, பாட முறை, இரண்டும் கலந்த முறை என மூவகைப்படும். ஆய்வு முறையில் நம்மை மேற்பார்வையிட ஒரு விரிவுரையாளர் முன்வர வேண்டும். அவருக்கு ஏற்கெனவே மாணவர்கள் அதிகமாக இருக்கலாம். பணி ஓய்வு நெருங்கியிருக்கலாம். நம் தலைப்பு அவருடைய துறைக்குச் சற்று விலகியிருக்கலாம். இவற்றில் எதுவும் நம் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகாது. ஆகவே விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதற்கு முன்பே, இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவோடு மேற்பார்வையாளராகக் கூடியவரைப் போய்ப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவடையும். முடிவுகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும். அங்கே ஒரு துறை எத்தனை பேரைச் சேர்க்கும் என்பது, எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதைப் பொறுத்தது. அந்தப் பணம் கற்பித்தல் உதவியாளர் பணியிலிருந்தோ பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்தோ வருகிறது. மானியம் சுருங்கினால் இடமும் சுருங்கும். 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம், ஆய்வு மானியங்களோடு கொடுக்கும் மறைமுகச் செலவுத் தொகைக்கு 15 விழுக்காடு உச்சவரம்பை அறிவித்தது. வழக்கு நீதிமன்றம் போனது. ஆனால் அதற்குள்ளாகவே சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தி வைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, உயிரியல் மருத்துவத் துறையில் கொடுத்திருந்த முனைவர் இடங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மாணவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை.

அமெரிக்கச் சேர்க்கையில் நமக்குப் பாதுகாப்பான ஒரு வழக்கமும் உண்டு. உதவித்தொகையோடு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15-க்கு முன்னால் மாணவரிடம் பதில் கேட்டு நெருக்குவதில்லை என்று ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டுள்ளன. கையொப்பமிட்ட பல்கலைக்கழகம் என்றால் அந்தத் தேதிவரை நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதவித்தொகை இல்லாத இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே முதுகலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

உள்நாட்டில் ஆய்வு மாணவர்களுக்குக் கைகொடுப்பது ஆராய்ச்சி உதவியாளர் பணி. எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் போன்றவற்றில் மானியம் பெற்ற விரிவுரையாளர், அதிலிருந்து ஒரு மாணவருக்கு மாதப் படித்தொகை கொடுக்க முடியும். 2012-இல் நான் முதுகலை சேர்ந்தது இப்படித்தான். ஆனால் இதிலும் கேட்டுத் தெளிய வேண்டியவை உண்டு. மானியம் எந்த மாதத்தில் முடிகிறது? என் படிப்பு முடியும்முன் அது முடிந்துவிட்டால் என்ன செய்வது? கட்டணத்தை நான் படித்தொகையிலிருந்து கட்ட வேண்டுமா? முதல் படித்தொகை எப்போது கைக்கு வரும்? எனக்கு அது மூன்றாம் மாதத்தில்தான் வந்தது. அதுவரை விடுதி நண்பன் ஒருவனின் ரொட்டியில் பாதி எனக்குச் சொந்தமாக இருந்தது. பாட முறையில் படிப்போருக்கு இத்தகைய பணி கிடைப்பது அரிது.

வெளிநாடுகளில் சில வழிகள் நிலையானவை. ஜப்பானிய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் 1954-இலிருந்து வழங்கப்படுகிறது. கட்டணம், மாதத்தொகை, விமானச் சீட்டு மூன்றும் அதில் அடங்கும். கோலாலம்பூரிலுள்ள தூதரகத்தின் வழி விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் 2017 முதல் ஆர்.டி.பி. என்னும் ஆய்வுப் பயிற்சித் திட்டம், முதுகலை, முனைவர் ஆய்வு மாணவர்களுக்கு உதவுகிறது. சிங்கப்பூரில் பல்கலைக்கழகங்களின் ஆய்வு உபகாரச் சம்பளங்களோடு, வெளிநாட்டு முனைவர் மாணவர்களுக்கான 'சிங்கா' திட்டமும் இருக்கிறது. அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உண்டு. நம் நாட்டில் அதை 1963 முதல் 'மேசி' என்னும் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் கவனித்து வருகிறது.

ஜெர்மனியில் கட்டணமில்லை என்று கேள்விப்பட்டுக் கிளம்புவோர் பலர். பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மேலும், விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. கட்டணமில்லாத படிப்புக்கும் கையில் ரொக்கம் வேண்டும் என்பதற்கு இது சான்று.

பிரிட்டனில் இன்னொரு சங்கடம். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மாமாவிடம் கைமாற்றாக வாங்கி இரண்டு நாள் வைத்துக் காட்டுவது செல்லாது. மாணவர்கள் கட்டும் சுகாதாரக் கட்டணமும் 2024 பிப்ரவரியிலிருந்து ஆண்டுக்கு 776 பவுனாகிவிட்டது. இவை எதுவும் சேர்க்கைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்காது.

வீட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு

என் அனுபவத்தில், பணக் கவலையைவிடப் பணத்தைப் பற்றி வீட்டில் பேசாமல் இருந்ததுதான் அதிக வேதனை தந்தது. "எவ்வளவு ஆகும்?" என்று அப்பா கேட்டபோதெல்லாம், "பார்த்துக்கலாம்பா" என்று சொல்லி நழுவினேன். அவருக்கு உண்மையான தொகை தெரிந்திருந்தால், அம்மா வளையலைக் கழற்றியிருக்க மாட்டார்.

ஆகவே ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதுங்கள். முதல் வரி, படிப்பு முடியும்வரை மொத்தக் கட்டணம். இரண்டாம் வரி, வாடகை, சாப்பாடு, போக்குவரத்து. மூன்றாம் வரி, ஒரே தடவைச் செலவுகள்: விசா, விமானச் சீட்டு, முன்பணம், மருத்துவப் பரிசோதனை, குளிருக்கான உடை. நான்காம் வரியை நம்மில் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை: நாம் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்குக் கொடுத்திருக்கும் பணம். தம்பியின் பள்ளிச் செலவோ வீட்டுத் தவணையோ அதை நம்பியிருந்தால், அதுவும் படிப்புச் செலவில் சேர்ந்ததுதான். பிறகு, உறுதியாகக் கையில் இருக்கும் தொகையை மட்டும் எதிரே எழுதுங்கள். "கிடைக்கலாம்" என்பதை வேறொரு தாளில் எழுதுங்கள்.

பிடிபிடிஎன் கடனும் இந்தக் கணக்கில் வர வேண்டும். மேற்படிப்புக்குச் செல்வோர் தவணையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமல் அது தானாக நின்றுவிடாது.

அப்பா அம்மாவின் சேமநிதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின், அது செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. சட்டம் இடங்கொடுக்கிறது, பெற்றோர் மறுக்கவும் மாட்டார்கள். ஆனால் லோரி ஓட்டியும் தொழிற்சாலையில் நின்றும் சேர்த்த அந்தத் தொகைதான் அவர்களுடைய முதுமைக்கு இருக்கும் ஒரே பணம். ஓராண்டு காத்திருந்து விண்ணப்பித்தால் உதவித்தொகை கிடைக்கக்கூடிய படிப்புக்காக அதில் கை வைக்கலாமா என்பதை ஒவ்வொருவரும் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தமுள்ள உபகாரச் சம்பளமென்றால் இன்னொரு கேள்வி: பிணையாளராகக் கையொப்பமிடப் போவது யார்? ஒப்பந்தம் முறிந்தால் அவரிடம் எவ்வளவு கேட்பார்கள்? கையொப்பம் வாங்குவதற்கு முன் அந்தத் தொகையை அவருக்குச் சொல்வது நம் கடமை.

காத்திருக்கும் மாதங்கள்

விண்ணப்பம் அனுப்பியதற்கும் முடிவு வருவதற்கும் இடைப்பட்ட மாதங்கள் பொல்லாதவை. நான் ஒரு நாளைக்கு இருபது தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் தடவை விண்ணப்பித்தபோது சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டேன். மின்னஞ்சல் பார்ப்பது மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை. முடிவு தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அந்தத் தேதி வராதவரை அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நினைப்பதில்லை. விண்ணப்பித்த செய்தி வீட்டாருக்கும் ஒரு நண்பனுக்கும் மட்டுமே தெரியும். "என்னப்பா, லண்டன் என்னாச்சு?" என்று திருமண வீட்டில் பத்துப் பேர் கேட்கும் நிலை மறுபடியும் வரவில்லை.

இந்த மாதங்களில் வேலைக்கும் விண்ணப்பித்து வையுங்கள். வேலை கிடைத்தால் படிப்பைக் கைவிட்டதாகப் பொருளில்லை. செவெனிங் போன்றவை வேலை அனுபவத்தையே கேட்கின்றன. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் புள்ளிகள் இரண்டாண்டுகளும், ஜிஆர்இ புள்ளிகள் ஐந்தாண்டுகளும் செல்லும். ஓராண்டு தள்ளிப்போனாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

"வருந்துகிறோம்" என்று வந்தால்

அப்படி ஒரு கடிதம் வந்த அன்று எதையும் முடிவு செய்யாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். இரண்டு மூன்று நாட்கள் கழித்து, குறை எங்கே இருந்தது என்று ஒருமுறை மரியாதையாக எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், இன்னும் விருப்பமுண்டு என்று சுருக்கமாக ஒரு கடிதம் அனுப்புங்கள்.

இடம் கிடைத்துப் பணம் கிடைக்காதவர்கள், சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒத்திவைத்தால் மறு ஆண்டு உதவித்தொகைக்கு மீண்டும் போட்டியிட முடியுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். முடியாதென்றால் இடத்தைத் துறப்பதில் இழுக்கில்லை. நான் போகவில்லை என்று தெரிந்தபோது, தாமானில் இரண்டு வாரம் பேசினார்கள். மூன்றாவது வாரம் வேறு யாரோ வீட்டுத் திருமணம் வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதற்கு எனக்கு ஒருவர் தேவைப்பட்டார். இதே பேரவையின் முன்னாள் செயலவை உறுப்பினரான ஓர் அக்கா, கோப்பிக் கடையில் உட்கார வைத்து, தமக்கு வந்த நான்கு மறுப்புக் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். அவர் அப்போது முனைவர் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தார். எனக்கு மேற்பார்வையாளர் ஒருவரை அறிமுகப்படுத்தியதும் அவர்தான்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால், அதை மறைக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்; அவர்களைப் பார்ப்பது பைத்தியக்காரர்களின் காரியம் என்ற பழைய எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

முடிவாக

1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சாதாரணத் தொழிலாளர்கள் தலைக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலையே மிதித்தவர்கள் அல்லர். நம் உயர்கல்வி தொடக்கத்திலிருந்தே பலருடைய சிறு பணத்தில் நடந்து வந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பணத்தைக் கண்மூடிச் செலவிடக் கூடாது என்று இவ்வளவு விரிவாக எழுதினேன்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பழைய ஆய்வு முன்மொழிவையும், வெற்றி பெற்ற விண்ணப்பத்தையும், தோற்ற விண்ணப்பத்தையும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ படிக்கக் கொடுங்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அவர்களோடு சேர்ந்து படியுங்கள்.

அம்மாவின் வளையல்களை மீட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. மீட்டுக் கொடுத்த அன்று அவர் முதலில் கேட்டது, "சரி, அடுத்த படிப்புக்கு எப்போ எழுதப் போற?" என்பதுதான். எழுதினேன். அந்தத் தடவை கணக்குத் தாளை முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதினேன்.